ஆள் விழுந்த மரம்

மாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலையில் பொன்னாத்தாளின் டிவியில் சாமி பாட்டு வரவில்லை. கறுத்த திரையில் வெள்ளையாக, அவளுக்கு வாசிக்கத் தெரியாத ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி அடுத்த சேனலுக்குப் போனாள். அங்கேயும் அதே வரி. மூன்றாவதிலும் அதுதான். இந்திச் சேனல் ஒன்றில் மட்டும் ஒருவன் மலையடிவாரத்தில் நின்று பல்பொடி விற்றுக்கொண்டிருந்தான். அவன் தெளிவாகத்தான் தெரிந்தான்.

அடுப்பில் அரிசியும்பருப்புச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் கொப்பரைக் களத்துக்குப் போயாக வேண்டும். கட்டிலில் கிடந்த அவள் புருஷன் நாச்சிமுத்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சித்த பொறுங்க, வந்துரும்,” என்றாள். வந்துவிடும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

டிவி போனதெல்லாம் ஒரு துக்கமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். அந்தச் சாளையில், அந்தச் சின்ன ஓட்டு வீட்டில், அந்தப் பெட்டி பொழுதுபோக்குக்காக ஓடவில்லை. நாச்சிமுத்துவின் உயிர் அதில் மாட்டிக்கொண்டிருந்தது. அது எப்படி என்று சொல்ல நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

ஆனைமலைப் பக்கம் சுந்தரராஜுலு நாயுடுவின் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது அந்தச் சாளை. நாயுடு குடும்பம் முன்பு தோப்பிலேயே குடியிருந்தது. பிள்ளைகளின் மில் வேலைக்காகக் கோயமுத்தூருக்குக் குடிபோனபோது, தெலுங்குச் சேனல் பார்ப்பதற்காகப் போட்டிருந்த பெரிய டிஷ்ஷையும் பழைய டிவியையும் நாச்சிமுத்துவுக்கே விட்டுவிட்டுப் போனார்கள். மாதாமாதம் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை. வானத்திலிருந்து சும்மா வருவதை அந்த டிஷ் வாங்கிக் கொடுக்கும். இந்தியும் தெலுங்குமாகப் பத்திருபது சேனல், தமிழில் மூன்று. தோப்புக்குள் கேபிள் கம்பி வராது என்பதால் அதுவே பெரிய பாக்கியமாக இருந்தது.

நாச்சிமுத்து மரமேறி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தே ஒரு மரத்தில் எத்தனை காய் வெட்டலாம் என்று சொல்லிவிடுவார். இறக்கி எண்ணினால் ஒன்றிரண்டுதான் முன்பின் இருக்கும். சாளைக்குத் தென்புறம் ஒரு மரம், ஓட்டு மேல் சாய்ந்தாற்போல் வளர்ந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதன் ஓலைகளைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓலை டிஷ்ஷை மறைத்து, சில சேனல் நின்றுவிடும், சில சேனல் ஓடும். நாச்சிமுத்து பல் துலக்கிக்கொண்டே ஏறிக் கழித்துவிட்டு வருவார். அத்தனை பழக்கமான மரம்தான் அவரைக் கீழே போட்டது. ஒரு மார்கழிக் காலை, காய் வெட்ட ஏறியவர், பனியில் நனைந்திருந்த மட்டையில் கால் வைத்தார்.

முதுகெலும்பு போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. தலையில் பட்ட அடியில் இன்னொன்றும் போனது. எண்கள் அவருக்குள் நிற்காமல் போயின. மனிதர்களைத் தெரியும், பேச்சு தெரியும், எந்த மரம் என்ன ருசி என்பதுகூடத் தெரியும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் முள் தெரியுமே தவிர மணி தெரியாது. காலையா மத்தியானமா என்பதையே அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

ஒருவன் விழுந்த மரத்தில் இன்னொருவன் கால் வைக்க மாட்டான். அந்தப் பக்கத்து மரமேறிகளுக்குள் அது எழுதாத சட்டம். வழக்கமாக ஆள் விழுந்த ஒரு மாதத்துக்குள் மரத்தையே வெட்டி எடுத்துவிடுவார்கள். உறவுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நாயுடுவும் போனில் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாச்சிமுத்துதான் விடவில்லை.

“மரம் என்ன பண்ணுச்சு? நாந்தான் ஈரத்துல கால் வெச்சுப்போட்டேன்,” என்றார். மரம் நின்றது. காய் முற்றித் தானாக விழும். ஓலை காய்ந்து தானாகத் தொங்கும். யாரும் ஏறவில்லை. மரம் உயர்ந்துவிட்டதோ என்னவோ, படமும் நிற்கவில்லை.

முதல் வருடம் அவருக்கு இடுப்பில் படுக்கைப் புண் வந்தது. ஒரே பக்கமாகக் கிடந்தவருக்கு வலி தெரியாது. வலி தெரியாததால் சொல்லவும் இல்லை. பொன்னாத்தாள் பார்க்கும்போது எலும்பு வரைக்கும் குழி விழுந்திருந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து பிழைத்து வந்தார். வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் ஹரிதா என்ற பெண், பொன்னாத்தாளை வெளியே கூட்டிப்போய் மறைக்காமல் சொன்னாள். இன்னொருமுறை இப்படி வந்தால் ரத்தத்தில் விஷம் ஏறிவிடும், ஆளைக் காப்பாற்ற முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வேண்டும். தோலில் சிவப்பு தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தி எடுத்த இடம் வெளுத்தால் பயமில்லை, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

திரும்பிப் படுக்க நாச்சிமுத்துவால் முடியும். மரமேறிய கை அல்லவா. அவருடைய மரமேறும் கயிற்றையே விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அதைப் பிடித்து இழுத்து எந்தப் பக்கமும் புரண்டுவிடுவார். எப்போது புரள வேண்டும் என்பதுதான் தெரியாது. போனில் அலாரம் வைத்துக் கொடுத்தாள். அது அடித்தால் எடுத்துக் காதில் வைத்து “யாருங்க?” என்பார். யாரும் பேசவில்லை என்று வைத்துவிடுவார்.

ஒரே மகள் பவானிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு இரண்டு கைக்குழந்தைகளோடு இருக்கிறாள். பொன்னாத்தாள் வேலைக்குப் போகாமல் அடுப்பு எரியாது. அப்போதுதான் ஒருநாள் கவனித்தாள். எண் நிற்காத மனுஷனுக்கு முகம் நிற்கிறது. டிவியில் கண்ணாடி போட்ட சமையல்காரம்மா வந்தால், “அந்தம்மா வந்துட்டாங்க, இன்னிக்கு என்ன கொழம்பு வெக்கறாங்களோ,” என்பார். சரி என்று அதையே பிடித்துக்கொண்டாள். சமையல்காரம்மா வந்தால் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும். முடி வளர்த்த பையன் பாட்டுப் போட வந்தால் மல்லாந்து படுக்க வேண்டும். அழுதுகொண்டே இருக்கும் மாமியார் நாடகம் வந்தால் சுவர்ப் பக்கம். செய்தி வாசிக்கிற பெண் வந்தால் மறுபடி மல்லாக்க. சொல்லிச் சொல்லி, கூடவே உட்கார்ந்து கயிற்றைக் கையில் கொடுத்து, அவர் மனதில் பதிய ஐந்து மாதம் ஆயிற்று. பதிந்தபிறகு ஒருநாளும் தவறவில்லை. மூன்று வருடமாக அவர் உடம்பில் ஒரு சிவப்பு இல்லை. யார் எவரென்று தெரியாத நாலு பேர், அவர்களுக்கே தெரியாமல், ஒரு மனுஷனைப் புரட்டிப் போட்டுக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள்தான் அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை.

பொன்னாத்தாள் வேலை செய்வது தம்பிதுரைக் கவுண்டரின் கொப்பரைக் களத்தில். தோப்பிலிருந்து அரை மைல். உடைத்த தேங்காய் மூடிகளை வெயில் பார்த்து மல்லாத்திப் பரப்ப வேண்டும். இரண்டு நாள் காய்ந்து உள்பருப்பு சிரட்டையை விட்டுக் கழன்றதும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோண்டி எடுப்பார்கள். தோண்டியதை மறுபடி காயவைத்து, மாலையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மாசி வெயில் கொப்பரைக்கு நல்ல வெயில். களத்தில் யாருக்கும் நிமிர நேரமில்லை.

அன்றைக்குப் பத்து மணிக்கு அவள் எழுந்து சாளைக்கு ஓடினாள். நாச்சிமுத்து விட்டுவிட்டுப் போன அதே பக்கமாகக் கிடந்தார். திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ஓடி வந்தாள். பன்னிரண்டுக்கு மறுபடி ஓடினாள். மூன்றுக்கு ஓடினாள். மறுநாளும் அப்படியே. கூட இருந்த பெண்கள் அவள் பங்கையும் சேர்த்துத் தோண்டினார்கள். முதல்நாள் சிரித்துக்கொண்டு செய்தார்கள், மறுநாள் சும்மா செய்தார்கள். தம்பிதுரைக் கவுண்டர் கோபக்காரர் இல்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, “நீ வேண்ணா நாலு நாள் ஊட்ல இருந்துக்க அம்மணி. சரியானதுக்கப்பறம் வா. நா அதுவரைக்கும் வேற ஆளு பாத்துக்கறேன்,” என்றார். அவர் திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்று பொன்னாத்தாளுக்குத் தோன்றியது. இடம் போய்விடுமே என்று திங்கட்கிழமையும் களத்துக்குப் போய், நடுநடுவே ஓடி ஓடி வந்தாள்.

கவுண்டர் வீட்டு டிவியில் அந்தச் சேனல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மோர் குடிக்கப் போனவள் அதைக் கண்ணால் பார்த்தாள். கண்ணாடி போட்ட சமையல்காரம்மா சிரித்துக்கொண்டே கத்தரிக்காய் வதக்கினாள். கவுண்டர் வீட்டில் மாதாமாதம் பணம் கட்டும் பெட்டி. அது வேறு இது வேறு என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? சேனல் ஓடுகிறது, நம் வீட்டுக்கு மட்டும் வரவில்லை, அப்படியானால் கோளாறு நம் வீட்டில்தான். நியாயமான யோசனைதான். இந்திக்காரன் மட்டும் வருகிறானே என்று ஒருநிமிடம் நினைத்தாள். முன்பு ஓலை மறைத்த காலத்திலும் சில சேனல் நின்று சில சேனல் ஓடியது ஞாபகம் வந்தது. அதோடு அந்தச் சந்தேகமும் அடங்கிவிட்டது.

டிஷ்காரர் கலீல் ரஹ்மான் ஆனைமலையில் கடை வைத்திருக்கிறார். போன் போட்டாள். பின்னால் அண்டா உருட்டும் சத்தமும் ஆள் கூப்பிடும் சத்தமுமாக இருந்தது.

“அக்கா, பாலக்காட்டுல இருக்கறனுங்க. மச்சினிச்சி நிக்காஹ். அடுத்த ஞாயித்துக்கெழமதான் வாரேன். படமே வரலீங்களா?”

“இந்தி வருது தம்பி. தமிழு மூணும் போச்சு.”

“ஓலை ஏதாச்சும் மறைக்குதான்னு பாருங்க்கா. முன்னெல்லாம் அண்ணன் கழிச்சு உடுவாருல்லீங்க.”

போனை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். நான்கு வருடமாகக் கழிக்காத ஓலை. பச்சையும் காய்ந்ததுமாக ஓட்டு மேலும் டிஷ்ஷின் நேர் மேலும் அடைத்துக்கொண்டு தொங்கியது. இதுநாள்வரை இது எப்படிப் படம் காட்டியது என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மீதியிருந்த சேனல்களில் வேறு முகங்களைப் பழக்கிப் பார்த்தாள். பல்பொடிக்காரன் வந்தால் திரும்புங்கள் என்றாள். அவன் நாள் முழுக்க வந்தான். நாச்சிமுத்து திணறிப்போய், “இவன் எந்தப் பக்கம் அம்மணி?” என்று நாலைந்து தரம் கேட்டார். அதோடு விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் உடம்பு துடைக்கும்போது இடது இடுப்பில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சிவப்பாகவே நின்றது. துணியைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன அம்மணி?” என்றார் நாச்சிமுத்து.

“ஒண்ணுமில்லீங்க, கால் நோகுது,” என்றாள்.

அன்றைக்கே சுரேந்தரைக் கூப்பிட்டாள். நாச்சிமுத்துவிடம் தொழில் கற்றவன். இப்போது ஏறுகிற மிஷின் வைத்திருக்கிறான். மரம் அறுக்க பவர் ரம்பமும் வைத்திருக்கிறான். ஓலையை மட்டும் கழித்துவிடு என்றாள். அவன் மரத்தடியில் நின்று மேலே பார்த்தான். செருப்பைக் கழற்றினான். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டான்.

“அக்கா, வேற எந்த மரம்னாலும் சொல்லுங்க, இப்பவே ஏறறேன். அண்ணன் உழுந்த மரத்துல என்னால கால் வெக்க முடியாதுங்க்கா. மிஷினு போட்டாலும் ஏறறது நாந்தானுங்களே. எங்கூட்டுல உடமாட்டாங்க.”

“அப்ப என்ன பண்றது சாமி?”

“எடுத்துப்போடறதுன்னா நாளானிக்குக் காலைல வாரேன். அது எனக்கு அரை மணி வேலை.”

இரண்டு ஓலையைக் கழிக்க ஆளில்லாததால் ஒரு மரமே போக வேண்டியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கே யாருக்கும் அப்படித் தெரியவில்லை. நாயுடுவிடம் போனில் கேட்டாள். நாலு வருடம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டியதுதானே, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய ஆள் இன்னும் ஒருவர்தான் பாக்கி.

புதன்கிழமை சாயங்காலம் கொள்ளு ரசம் வைத்துச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏனுங்க, தெக்கால இருக்கற மரத்தை எடுத்துப்போடலாமுங்களா?”

நாச்சிமுத்து மென்று விழுங்கினார்.

“எதுக்கு?”

“ஓலை டிஷ்ஷை மறைக்குதுங்க. ஏறிக் கழிக்க ஒருத்தரும் வரமாட்டீங்கறாங்க.”

“நா இருந்தா ஒரு நிமிசத்துல கழிச்சு உட்ருவேன்.”

“ஆமாங்க.”

“காய்க்கிற மரம் அம்மணி.”

“தெரியுமுங்க. உங்களுக்கு இடுப்புல செவந்துபோச்சு. அழுத்துனா வெளுக்க மாட்டீங்குது. எனக்கு வேற வழி தெரியிலீங்க.”

நாச்சிமுத்து அவள் கையையே பார்த்தார். அதிலிருந்த சோற்றுக்கு வாயைத் திறக்கவில்லை.

“அது என்னைத் தள்ளல,” என்றார்.

“நானும் அப்படிச் சொல்லலீங்க.”

“சுரேந்தர்கிட்டச் சொல்லு. ஒரே மூச்சுல அறுத்துப்போடோணும். பாதியறுத்துப் போட்டுட்டு டீக்குடிக்கப் போகக் கூடாது.”

வியாழக்கிழமை விடிந்ததும் சுரேந்தர் இரண்டு ஆட்களோடு வந்தான். ஓட்டு மேல் விழாமல் இருக்க நடுமரத்தில் வடம் போட்டு வாய்க்கால் பக்கமாக இழுத்துக் கட்டினார்கள். வடத்தைக் கட்டும்போதுகூட யாரும் மரத்தில் ஏறவில்லை. ஏணியை நிறுத்தி, ஏணியிலேயே நின்று கட்டினார்கள். பொன்னாத்தாள் அடிமரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துச் சூடம் காட்டினாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரம்பத்தின் சத்தம் தொடங்கியது. நாச்சிமுத்து விட்டத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சத்தம் நிற்காமல் ஒரே சீராகப் போனது. நாச்சிமுத்து சொன்னபடியே சுரேந்தர் ஒரே மூச்சில் அறுத்தான். மரம் விழுந்தபோது கட்டில் அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் உருண்டன.

குலை குலையாக இளங்காய்கள் உடைந்து இளநீர் வாய்க்கால் தண்ணீரோடு கலந்து ஓடியது. மரம் விழுந்தால் அதன் உச்சிக் குருத்தை வெட்டி எல்லோரும் தின்பது வழக்கம். ஆயிரம் மரம் இருக்கிற தோப்பிலும் அது கிடைப்பது எப்போதாவதுதான். சுரேந்தர் பால் வெள்ளையாக ஒரு துண்டு வெட்டி, வாழை இலையில் வைத்து நாச்சிமுத்துவிடம் கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். பிறகு ஒரு கடி கடித்தார்.

“நல்ல இனிப்பு,” என்றார். மீதியைத் தின்னவில்லை.

ஆட்களில் ஒருவன் ஓட்டு மேல் ஏறி நான்கு வருடத்துச் சருகையும் பாளைத் தூசியையும் கூட்டித் தள்ளினான். சுரேந்தர் உள்ளே வந்து டிவியைப் போட்டான். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கறுத்த திரையில் அதே வெள்ளை வரி நின்றது, அதை வாசிக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது. மூன்று சேனலிலும் நின்றது. இந்திச் சேனலைப் போட்டான். பல்பொடிக்காரன் முன்பு வந்தது போலவே வந்தான்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொன்னாத்தாள் எழுந்து ஆட்களுக்குச் சோறு போட்டாள். அவர்கள் வேகமாகத் தின்றுவிட்டுப் போனார்கள். டிவியை அணைத்தது யாரென்று தெரியவில்லை.

மூன்று நாள் அவள் களத்துக்குப் போகவில்லை. கூடவே இருந்து புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தாள். ஹரிதா வந்து மருந்து போட்டுவிட்டு, நல்லவேளை தோல் விடவில்லை, இனிமேல் ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னாத்தாளும் அவரும் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

கலீல் ரஹ்மான் கல்யாணத்துப் பலகாரப் பொட்டலத்தோடு இறங்கினார். வாய்க்கால் ஓரம் கிடந்த மரத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் டிவியைப் போட்டு, அந்த ஆங்கில வரியை வாசித்தார். அவளை வெளியே வரச்சொல்லித் தலையசைத்தார்.

“அக்கா, இது டிஷ்ஷு கோளாறே இல்லீங்க. சேனல்காரங்க மேலேயே பூட்டிப்போட்டாங்க. இனிமே பணம் கட்டறவங்களுக்கு மட்டுந்தான் தொறக்கும். ஊரெல்லாம் பெரிய டிஷ்ஷுல இப்ப இப்படித்தான். நா கல்யாண வேலைல இருந்துட்டேன், எனக்கே நேத்துத்தான் தெரியும்.”

“படம் வந்துட்டுதான் இருக்குதுங்களா?”

“படம் உங்க டிஷ்ஷு வரைக்கும் வருதுங்க்கா. பூட்டுனபடிக்கு வருது.”

“அப்ப மரம்?”

“மரம் என்னங்க்கா பண்ணும்?” என்றார் கலீல். சொன்ன பிறகுதான் போனில் தான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது போலிருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நாந்தான் ஓலையைப் பாருங்கன்னு சொன்னேன். நாந்தானுங்க்கா சொன்னேன்.”

பொன்னாத்தாள் வெட்டுப்பட்ட அடிமரத்தின் மேல் உட்கார்ந்தாள். அதில் இன்னும் ஈரம் இருந்தது. கலீலைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. நான்கு வருடமாக அந்த மரத்தின் மேல் யாராவது பழி போட்டால் கட்டிலில் கிடந்தபடியே தடுத்த மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. சின்ன டிஷ் ஒன்றும் பெட்டியும் வாங்கிவந்து புதன்கிழமைக்குள் தானே மாட்டித் தருவதாகக் கலீல் சொன்னார். கூலி பேச்சே வேண்டாம் என்றார். பிறகு அவளே கேட்டாள், அதையும் பூட்டுவார்களா என்று. மாதம் கட்டத் தவறினால் பூட்டுவார்கள் என்று கலீல் உண்மையைச் சொன்னார்.

“அவருக்குத் தெரிய வேண்டாம் தம்பி. வயரு போயிருந்துச்சுன்னு சொல்லிப்போடு,” என்றாள்.

திங்கட்கிழமை அவள் களத்துக்குப் போனாள். இனியும் போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். பத்து மணிக்கு எழுந்து ஓட முடியவில்லை. லாரி வந்து நின்றது, மூட்டை பிடிக்கக் கவுண்டரே வந்து நின்றார். பன்னிரண்டு தாண்டித்தான் விட்டார்கள். நான்கு மணி நேரமாக ஒரே பக்கமாகக் கிடந்திருப்பார் என்ற நினைப்பில் வரப்பு மேல் ஓடினாள். ஒரு செருப்பு வாய்க்காலில் போனது. எடுக்கவில்லை.

உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். அவள் சுவர்ப் பக்கமாகப் படுக்கவைத்துவிட்டுப் போன மனுஷன் மல்லாந்து படுத்திருந்தார். கை கயிற்றில் இருந்தது.

“யாருங்க வந்தாங்க?” என்றாள்.

“ஒருத்தரும் வரல.”

“அப்பறம் யாரு திருப்பிப் படுக்க வெச்சது?”

“நாந்தான். முன்னால ஜன்னப் பக்கம் திரும்புனேன். அப்பறம் மல்லாக்கத் திரும்பிட்டேன்.” நாச்சிமுத்து மேலே கை காட்டினார். “வெயிலு வந்துச்சு அம்மணி.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்கு நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. சாளை கட்டிய காலத்தில் வெளிச்சத்துக்காகப் பதித்தது. மரம் வளர்ந்து மூடிச் சருகும் தூசியும் அப்பிய பிறகு அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்திருந்தது. இப்போது அதன் வழியாக ஒரு முழம் அகலத்துக்கு வெயில் இறங்கிக் கட்டிலுக்கு அருகே தரையில் கிடந்தது.

“வெடிஞ்சா காலண்டருக்கு மேல வருது. அப்பறம் எறங்கி மாடத்துக்கிட்ட வருது. அப்பத்தான நீ என்னை ஜன்னப் பக்கம் திருப்பறே, கண்ணாடிக்காரம்மா வர்ற நேரம். தெனமும் பாத்தேன், அதே எடத்துக்குத்தான் வருது. அப்பறம் இங்க தரைக்கு வந்துரும். இதுக்கு அந்தப் பாட்டுப் பையன். பொழுது சாயறப்ப அந்தச் செவுத்துல ஏறும். அழுவற மாமியாரு.”

பொன்னாத்தாள் கட்டிலில் உட்கார்ந்து அவர் இடுப்பை விலக்கிப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். கொஞ்சமாக வெளுத்தது. மூன்று நாளாக இந்த மனுஷன் கிடந்தபடியே இதையெல்லாம் தானாகவே பார்த்துவைத்திருக்கிறார். அவரிடம் போய் வயர் கதை சொல்ல அவளால் முடியவில்லை.

“ஏனுங்க. டிவிய மேலயே பூட்டிப்போட்டாங்களாமுங்க. டிஷ்ஷு நல்லாத்தான் இருந்துச்சாம். ஓலை ஒண்ணும் மறைக்கலையாமா.”

நாச்சிமுத்து தரையில் கிடந்த வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்ததா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“அப்ப மரத்து மேல தப்பில்ல,” என்றார்.

“இல்லீங்க.”

“அப்பவும் இல்ல. இப்பவும் இல்ல.”

பொன்னாத்தாள் அதற்குமேல் அடக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் விழுந்த அன்றுகூட இப்படி அழவில்லை. அன்று ஓட வேண்டியிருந்தது. நாச்சிமுத்து அவளைத் தேற்றவில்லை. அவர் கண்ணோரமும் நனைந்திருந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தார், துடைக்க வேண்டுமானால் அதை விட வேண்டும். விடவில்லை.

“மழைக் காலத்துல இது வராதுங்க,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “ஆடி ஆவணில பொழுதையே பாக்க முடியாது.”

“அப்பத்திக்குக் கலீலு பொட்டி போடட்டும். இப்ப நீ சுண்ணாம்பு எடுத்துட்டு வா.”

வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைக் கொண்டுவந்தாள். அவர் படுத்தபடியே கை காட்டிச் சொன்னார். மாடத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள். தரையில் கட்டில் காலுக்கு முன்னால் ஒன்று. எதிர்ச் சுவரில், பாத்திரப் பலகைக்குக் கொஞ்சம் கீழே ஒன்று இழுக்கும்போது, “இன்னும் ஒரு விரக்கடை மேல,” என்று திருத்தினார். விரலால் அழித்துவிட்டு மேலே இழுத்தாள். சோறு போட்டுக் கொடுத்துத் தானும் இரண்டு வாய் தின்றாள். களத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிப்போய்விட்டது. இருந்தாலும் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே மரம் நின்ற இடத்தில் வானம் காலியாக இருந்தது. உள்ளே வெயில் தரையைக் கடந்து, சுவரில் ஏறி, சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. வெயில் கோட்டைத் தொட்டது. நாச்சிமுத்து கயிற்றைப் பிடித்து இழுத்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.